குயவர் தேடிய மஞ்சள்

மட்கலங்களுக்கு மெருகேற்றும் தொழிலில் நெடுங்காலம் பழகியவர்களிடம் எந்த வர்ணம் எளிதில் வசப்படாதது என்று வினவினால், அவர்களுள் பெரும்பாலோர் மஞ்சளைத்தான் சொல்வார்கள். நீலம் வேண்டுமானால் நூறு பங்கு மெருகுக்கு அரைப் பங்கு கோபால்ட் ஆக்ஸைடு போதும். பச்சைக்குச் செம்பும், பழுப்புக்கும் கருமைக்கும் இரும்பும் ஆதிகாலந்தொட்டே குயவர்களுக்குக் கைகொடுத்து வந்திருக்கின்றன. மஞ்சளோ அப்படி இணங்கி வருவதில்லை. இரும்பைக் கொண்டு பெறும் மஞ்சள் தேனின் நிறத்தையோ சருகின் நிறத்தையோ எய்தி அங்கேயே நின்றுவிடும். கொன்றை மலரில் நாம் காணும் அந்தத் தூய மஞ்சள், உயர்ந்த உஷ்ணத்தில் வேகும் கலங்களின்மீது அண்மைக் காலம் வரையில் அபூர்வமாகவே தோன்றிற்று.

இதற்குக் காரணம் மெருகின் இயல்பிலேயே அமைந்திருக்கிறது. தொழிற்கூடங்களில் ‘கிளேஸ்’ என்று வழங்கப்படும் இம்மெருகு, கலத்தின் மேனியில் உருகிப் படிந்த ஒருவகைக் கண்ணாடியே ஆகும். குவார்ட்ஸ், ஃபெல்ட்ஸ்பார், சுண்ணாம்புக்கல், வெண்களிமண் ஆகியவற்றை நீர்விட்டு நன்றாக அரைத்து, அந்தக் கரைசலில் கலத்தைத் தோய்த்து எடுத்து, சூளையில் 1,200 டிகிரி செல்சியஸுக்கும் மேற்பட்ட உஷ்ணத்தில் வேகவைக்கையில், அத்துகள்கள் அனைத்தும் உருகி ஒன்றாகிப் பளிங்கு போன்ற படலமாகின்றன. தாவரங்களிலிருந்து கிடைக்கும் சாயங்கள் யாவும் இந்த நெருப்பில் எரிந்து சாம்பலாகிவிடும். உலோகச் சேர்மங்கள் சில மட்டுமே தப்பிப் பிழைக்கும். அவற்றிலும் பல, உருகிய கண்ணாடியில் கரைந்து தம் சுய நிறத்தை இழந்துவிடும்.

பாபிலோன் நகரத்து இஷ்டார் வாயிலில், நீலச் செங்கற்களின் நடுவே கி.மு. ஆறாம் நூற்றாண்டில் அமைக்கப்பட்ட விலங்குருவங்களின் மஞ்சள், ஈயமும் ஆன்டிமனியும் கூடிய சேர்மத்தால் வந்தது. பின்னர் இத்தாலியக் கலைஞர்களும் அதே சேர்மத்தைப் பயன்படுத்தினார்கள். ஆனால் அது தாழ்ந்த உஷ்ணத்திலேயே நிலைக்கக்கூடியது. மேலும், உண்கலத்தில் ஈயத்தைச் சேர்ப்பது உடலுக்கு நஞ்சைச் சேர்ப்பதற்கு ஒப்பாகும் என்பதை இன்று விளக்க வேண்டியதில்லை. காட்மியம் தரும் மஞ்சள் அழகியதுதான். எனினும் அதுவும் நஞ்சு, அதுவும் கடும் உஷ்ணத்தைத் தாங்காதது. யுரேனியத்தையுங்கூடக் குயவர்கள் விட்டுவைக்கவில்லை. அமெரிக்காவில் 1936-இல் விற்பனைக்கு வந்த ‘ஃபீஸ்டா’ என்னும் உண்கலங்களின் புகழ்பெற்ற செம்மஞ்சள் நிறம் யுரேனிய ஆக்ஸைடால் உண்டானது. இரண்டாம் உலகப் போரின் நடுவில் அரசாங்கம் யுரேனியம் முழுவதையும் அணுகுண்டு வேலைக்காகத் தன்வசப்படுத்திக்கொண்டபோது அந்நிறக் கலங்களின் உற்பத்தி நின்றது. 1959-இல் செறிவு குறைந்த யுரேனியத்தைக் கொண்டு மீண்டும் தொடங்கி, 1972-இல் அறவே ஓய்ந்தது. ஒரு தட்டின் அழகுக்காக இத்தகைய பதார்த்தங்களையெல்லாம் மனிதன் நாடியிருக்கிறான் என்பதிலிருந்தே, அந்த வர்ணத்தின்மீது அவனுக்கிருந்த வேட்கை புலனாகும்.

இந்த வேட்கையைத் தணித்தவை அருமண் தனிமங்கள் எனப்படும் பதினேழு உலோகங்களுள் சில. இவற்றின் வரலாறு பீங்கான் தொழிலின் வாசலிலேயே தொடங்கிற்று என்பது மகிழ்ச்சி தரும் செய்தி. ஸ்வீடன் நாட்டில், ஸ்டாக்ஹோமுக்கு அருகிலுள்ள தீவொன்றில், இட்டர்பி என்னும் சிற்றூர் இருக்கிறது. பீங்கானுக்கும் மெருகுக்கும் வேண்டிய ஃபெல்ட்ஸ்பாரையும் குவார்ட்ஸையும் வெட்டி எடுத்த சுரங்கம் உள்ள ஊர் அது. அங்கே 1787-இல் கார்ல் ஆக்ஸெல் அர்ரேனியஸ் என்ற ராணுவ அதிகாரி, கருமையும் கனமும் மிக்க ஒரு கல்லைக் கண்டெடுத்தார். அதனை ஆராய்ந்த பின்லாந்து ரசாயன அறிஞர் யோஹான் கடோலின், அதுவரை எவரும் அறியாத ஒரு ‘மண்’ அதில் அடங்கியிருப்பதை 1794-இல் வெளியிட்டார். இட்ரியம், டெர்பியம், எர்பியம், இட்டெர்பியம் என்னும் நான்கு தனிமங்கள் இன்றும் அந்தச் சிற்றூரின் பெயரைத் தாங்கி நிற்கின்றன.

கண்டுபிடிப்பது ஒன்று, பிரித்தெடுப்பது வேறொன்று. அருமண் தனிமங்கள் ரசாயன சுபாவத்தில் ஒன்றையொன்று பெரிதும் ஒத்தவை. ஒன்றிருக்கும் பாறையில் மற்றவையும் இருக்கும். ஒன்று கரையும் அமிலத்தில் மற்றவையும் கரையும். ஸ்வீடனைச் சேர்ந்த மோசாண்டர் 1840-களின் தொடக்கத்தில் ‘டிடிமியம்’ என்ற பெயரில் ஒரு தனிமத்தைக் கண்டதாக அறிவித்தார். நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக அறிவுலகம் அதனைத் தனிமமென்றே நம்பியிருந்தது. வியன்னாவைச் சேர்ந்த கார்ல் அவுவர் என்னும் இளைஞர், ஹைடல்பெர்க்கில் புன்சன் என்ற பேராசிரியரிடம் பயின்றவர், டிடிமியத்தின் உப்பைக் கரைப்பதும் படிகமாக்குவதும், அப்படிகங்களை மீண்டும் கரைப்பதும் மீண்டும் படிகமாக்குவதுமாக நூற்றுக்கும் மேற்பட்ட முறை சலியாது உழைத்து, அது ஒன்றன்று, இரண்டு என்பதை 1885-இல் நிலைநாட்டினார். ஒன்றின் உப்பு இளம்பச்சை. மற்றொன்றின் உப்பு ஊதா கலந்த இளஞ்சிவப்பு. முன்னதற்குப் பிரசியோடைமியம் என்றும் பின்னதற்கு நியோடைமியம் என்றும் பெயரிட்டார். இவரே பிற்பாடு எரிவாயு விளக்குக்கு மாண்டில் என்னும் ஒளிரும் வலையைக் கண்டுபிடித்தவர். கல்யாண ஊர்வலங்களில் நம் பெரியோர்கள் தூக்கிச் சென்ற பெட்ரோமாக்ஸின் வெளிச்சம், தோரியம் ஆக்ஸைடு 99 பங்கும் சீரியம் ஆக்ஸைடு ஒரு பங்கும் சேர்ந்த அவருடைய அந்த வலையிலிருந்து பிறந்ததுதான்.

இப்படி அரும்பாடுபட்டுப் பிரித்த வஸ்துக்கள் குயவனின் கைக்கு எட்டும் விலையில் கிடைப்பதெங்ஙனம்? இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் ஃபிராங்க் ஸ்பெட்டிங் என்பவரின் குழுவினர், அயனிப் பரிமாற்ற முறையால் இத்தனிமங்களைக் கிலோக் கணக்கில் பிரிக்கக் கற்றார்கள். அதற்கும் பின்னர் வந்த கரைப்பான் பிரிப்பு முறை அவற்றை டன் கணக்கில் தந்தது. ஆகவேதான், பத்தொன்பதாம் நூற்றாண்டில் அறியப்பட்ட தனிமம், இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பிறகே சூளைக்குள் நுழைந்தது.

இனி, இவை தரும் வர்ணங்களின் விசேஷத்தைச் சற்று நின்று நோக்க வேண்டும். செம்பை எடுத்துக்கொள்ளுங்கள்: காற்றோட்டமுள்ள சூளையில் பச்சை, சோடா மிகுந்த மெருகில் மயில்நீலம், புகை சூழ்ந்த சூளையில் ரத்தச் சிவப்பு. ஒரே உலோகம், மூன்று முகம். செம்பு, இரும்பு, கோபால்ட் போன்ற உலோகங்களில் வர்ணத்துக்குக் காரணமான எலெக்ட்ரான்கள் அணுவின் வெளிப்புறத்தை ஒட்டியே இருப்பதால், அருகிலுள்ள அணுக்களெல்லாம் அவற்றைப் பாதிக்கின்றன. அருமண் தனிமங்களிலோ அந்த எலெக்ட்ரான்கள் வேறு எலெக்ட்ரான் அடுக்குகளுக்கு உட்புறத்தில் மறைந்து கிடக்கின்றன. திண்ணையில் அமர்ந்திருப்பவருக்குத் தெருவில் நடப்பதெல்லாம் தெரியும், அவருடைய முகமும் அதற்கேற்ப மாறும். உள்ளறையில் இருப்பவரைத் தெருவின் சந்தடி அவ்வளவாகத் தீண்டாது அல்லவா? அருமண் தனிமங்களின் எலெக்ட்ரான்கள் உள்ளறைவாசிகள். மெருகின் கலவை மாறினாலும், சூளையின் புகை கூடினாலும் குறைந்தாலும், நியோடைமியமும் எர்பியமும் தரும் நிறம் பெரும்பாலும் மாறுவதில்லை.

இந்த ஸ்திரத்தன்மைக்கு ஒரு விலையும் உண்டு. உள்ளே ஒடுங்கியிருக்கும் எலெக்ட்ரான்கள் ஒளியைக் கொள்ளும் திறனில் குறைந்தவை. அவை விழுங்குவது வானவில்லின் குறுகிய சில கீற்றுகளை மட்டுமே, அதனையும் அரைமனத்தோடு. ஆகையால் வர்ணம் மென்மையாகவே இருக்கும். கோபால்டில் அரைப் பங்கு செய்யும் வேலையை, நியோடைமியத்தில் எட்டுப் பங்கோ பத்துப் பங்கோ இட்டால்தான் காணலாம். இதைக் குறையென்று சொல்வோர் உண்டு. எனக்கோ அந்த மென்மையே இவற்றின் பெருமையாகத் தோன்றுகிறது. அடுக்கடுக்கான பூச்சின் ஆழத்திலிருந்து மெல்ல வெளிப்படும் அந்த நிறம், கலத்தின் வடிவத்தை மறைக்காமல் அதற்குத் துணைநிற்கிறது.

நியோடைமியம் கலந்த மெருகைப் பூசிச் சுட்ட ஒரு சிறு மாதிரி வில்லையைக் கையில் எடுத்துப் பார்ப்பது, புத்தகத்தில் படிப்பதைக் காட்டிலும் அதிகம் கற்பிக்கும். முற்றத்துக் காலை வெயிலில் அது இளம் ஊதாவாக இருக்கிறது. மெருகு தடித்து வழிந்த கீழ் விளிம்பில் கத்தரிப்பூவின் நிறம் தென்படுகிறது. அதையே உள்ளே எடுத்துச் சென்று டியூப்லைட்டின் கீழே வைத்தால், ஊதா மறைந்து சாம்பல் படர்ந்த வெளிர்நீலம் வந்துவிடுகிறது. பழைய குண்டு பல்பின் கீழே சிவப்புச் சாயல் ஏறுகிறது. வில்லையில் எந்த மாறுதலும் நிகழவில்லை; மாறியது ஒளிதான். மஞ்சள் ஒளியில் சுமார் 580 நானோமீட்டரை ஒட்டிய ஒரு குறுகிய கீற்றை நியோடைமியம் வலுவாக விழுங்குகிறது. சூரிய ஒளியில் எல்லாக் கிரணங்களும் ஒழுங்காக நிறைந்திருப்பதால் எஞ்சியவை ஊதாவாகக் கூடுகின்றன. டியூப்லைட்டின் ஒளியோ சில இடங்களில் செறிந்தும் சில இடங்களில் மெலிந்தும் இருப்பதால், அதே கீற்றை நீக்கியபின் எஞ்சுவது நீலமாகிறது. செக்கோஸ்லோவாக்கியாவின் கார்ல்ஸ்பாடு நகரத்தில் லியோ மோசர் 1920-களின் இறுதியில் இந்தக் குணத்தைக் கொண்டே ‘அலெக்சாண்ட்ரைட்’ என்ற புகழ்பெற்ற கண்ணாடிக் கலங்களைச் செய்வித்தார். கண்ணாடி ஊதுகிற தொழிலாளர்கள் அணியும் டிடிமியம் மூக்குக்கண்ணாடியும் இதே கீற்றைத்தான் தடுக்கிறது: சுவாலையில் பளீரென்று எரியும் சோடியத்தின் மஞ்சள் வெளிச்சத்தை விழுங்கிவிட்டு, உருகும் கண்ணாடியைத் தெளிவாகக் காட்டுகிறது.

எர்பியத்தின் இளஞ்சிவப்பு இன்னும் அடக்கமானது. குயவர்களுக்கு இளஞ்சிவப்பு வேறு வழிகளிலும் உண்டு. தங்கத்தைக் கொண்டு செய்வது ஒன்று, குரோமியத்தையும் வெள்ளீயத்தையும் கூட்டிச் செய்வது மற்றொன்று. முன்னது செல்வர்களுக்கே உரியது. பின்னது மெருகில் சிறிது துத்தநாகம் இருந்தாலும் பழுப்பாகிக் கெட்டுவிடும். எர்பியத்துக்கு இத்தகைய தொல்லையில்லை. ஹோல்மியத்தின் ஆக்ஸைடோ பகலில் வைக்கோல் மஞ்சள், சிலவகை டியூப்லைட்டில் இளஞ்சிவப்பு. சீரியத்தை ஒளிபுகா வெண்மைக்காகவும், டைட்டேனியத்தோடு கூட்டி மஞ்சளுக்காகவும் கையாண்டிருக்கிறார்கள்.

ஆனால் உண்மையான வெற்றி பிரசியோடைமியத்துக்கே உரியது. தனித்து மெருகில் கரைத்தால் அதுவும் தன் இனத்தைப் போலவே வெளிறிய பசுமஞ்சளைத்தான் தரும். அதனை ஜிர்கான் என்னும் படிகத்துக்குள் சிறைப்படுத்தியபோதுதான் அதன் பேராற்றல் வெளிப்பட்டது. ஜிர்கான் என்பது ஜிர்கோனியமும் சிலிக்காவும் கூடிய படிகம். உருகிய மெருகிலும் எளிதில் கரையாத பிடிவாதக்காரப் பதார்த்தம். இதற்குள் வனேடியத்தைப் புகுத்தி நீலநிறம் பெறும் முறைக்கு அமெரிக்கரான கிளாரன்ஸ் சீபிரைட் 1948-இல் காப்புரிமை பெற்றார். அதே வழியில் பின்னர் பிரசியோடைமிய மஞ்சளும், இரும்பினால் பவள இளஞ்சிவப்பும் வந்தன. குளியலறைப் பீங்கான்களிலும் சுவர் ஓடுகளிலும் நாம் அன்றாடம் காணும் மென்வர்ணங்களில் பெரும்பகுதி இம்மூன்றின் கலப்பே.

மஞ்சள் பிறக்கும் விதம் வியக்கத்தக்கது. ஜிர்கான் மணலை முதலில் காரத்தோடு உருக்கி உடைத்து, ஜிர்கோனியம் ஆக்ஸைடைத் தனியே பிரிக்கிறார்கள். பிறகு அந்த வெண்பொடியோடு சிலிக்காவையும், நூற்றுக்கு ஐந்து பங்கு அளவில் பிரசியோடைமியம் ஆக்ஸைடையும் சேர்த்து, சோடியம் ஃபுளோரைடு போன்ற உப்பைச் சிறிது தூவி, நன்றாக அரைத்து, சுமார் 1,000 டிகிரி உஷ்ணத்தில் சுடுகிறார்கள். பிரசியோடைமியம் ஆக்ஸைடு கருமை கலந்த பழுப்புநிறப் பொடி. ஆதலால் சூளைக்குள் செல்லும் கலவை அழுக்கேறிய சாம்பலின் நிறத்தில் இருக்கும். வெளியே வருவதோ பளிச்சென்ற மஞ்சள்! உடைக்கப்பட்ட ஜிர்கான் மறுபடியும் கூடிப் படிகமாகையில், தன் அணுக்கட்டில் ஜிர்கோனியத்தின் இருக்கைகள் சிலவற்றைப் பிரசியோடைமியத்துக்கு அளிக்கிறது. அவ்விருக்கையில் அமர்வதற்கு அது தன் வழக்கமான மூன்று மின்னேற்றத்தை விட்டு நான்காக உயர வேண்டியிருக்கிறது. அந்நிலையில் உள்ளறை எலெக்ட்ரானின் தயக்கம் நீங்கி, வானவில்லின் ஊதா, நீலப் பகுதியை முழு வலிமையோடு விழுங்குகிறது. எஞ்சுவது மஞ்சள். முன்பே உருவாகிவிட்ட ஜிர்கானோடு பிரசியோடைமியத்தை எத்தனை முறை சுட்டாலும் இந்நிறம் வராது; படிகம் பிறக்கும் தருணத்திலேயே உள்ளே புகுந்தாக வேண்டும். பின்னர் சுட்ட பொடியை நீரில் கழுவி, உப்பை நீக்கி, மென்பொடியாக அரைத்து மெருகில் கலந்தால், 1,200 டிகிரியிலும் நிறம் நிற்கும். ஈயமில்லை, காட்மியமில்லை, யுரேனியத்தின் அச்சமில்லை.

இந்த மஞ்சளுக்கு வேண்டிய இரண்டு கனிமங்களும் நம்முடைய கடற்கரை ஒன்றில் கலந்தே கிடக்கின்றன என்பதைத் தமிழ் வாசகர்கள் அறிந்திருக்க வேண்டும். கன்னியாகுமரிக்குச் செல்வோர் அங்குள்ள பலநிற மணலைப் பொட்டலமாக வாங்கிவருவது நெடுநாளைய வழக்கம். அம்மனின் கல்யாணம் தடைப்பட்டபோது சிந்திய அரிசியும் பருப்புமே மணலாயின என்று ஐதிகமும் உண்டு. அம்மணலின் கருமை இல்மனைட், செம்மை கார்னெட், தேன்நிறத் துகள் மோனசைட், நிறமற்று மின்னுவதில் ஒரு பகுதி ஜிர்கான். மோனசைட்டில் சீரியம், லாந்தனம், நியோடைமியம், பிரசியோடைமியம் ஆகியவற்றோடு தோரியமும் அடங்கியிருக்கிறது. திருவிதாங்கூரிலிருந்து ஐரோப்பாவுக்குச் சென்ற தேங்காய் நாரில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட்டை 1909-இல் கண்டவர் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானியர். விளக்கு மாண்டிலுக்குத் தோரியம் தேவைப்பட்ட காலம் அது. அதனையடுத்து மணவாளக்குறிச்சியில் மணலைப் பிரிக்கும் ஆலை தோன்றிற்று. விடுதலைக்குப் பின் 1950-இல் இந்திய அருமண் நிறுவனம் அமைந்து, மோனசைட்டைப் பகுத்தெடுக்கும் ஆலுவா ஆலை 1952-இல் திறக்கப்பட்டது.

மணவாளக்குறிச்சியில் மணலைப் பிரிப்பதில் ரசாயனமே இல்லை. பௌதிகத்தின் எளிய விதிகளே வேலை செய்கின்றன. நீரோட்டத்தில் விட்டால் இலேசான சாதாரண மணல் அடித்துச் செல்லப்பட்டு, கனமான தாதுக்கள் பின்தங்கும். உலர்த்தியபின் காந்தத்தின் அருகே செலுத்தினால் இல்மனைட் முதலில் தாவி ஒட்டிக்கொள்ளும். இன்னும் வலிமையான காந்தத்துக்குக் கார்னெட்டும் மோனசைட்டும் இணங்கும். ருட்டைல் என்னும் தாதுவும் ஜிர்கானும் காந்தத்தைப் பொருட்படுத்தாமல் கடந்துபோகும். அவற்றுள் மின்சாரத்தைக் கடத்தும் ருட்டைலை, கடத்தாத ஜிர்கானிலிருந்து உயர் மின்னழுத்தம் பிரித்துவிடும்.

இம்மணலை அள்ளுவதைக் குறித்து அக்கரையோர மீனவ மக்களுக்குள்ள கவலையைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. கடலரிப்பு பற்றியும், தோரியத்தின் கதிர்வீச்சு பற்றியும் அவர்கள் நெடுங்காலமாக முறையிட்டு வருகிறார்கள்; அவர்களுடைய இசைவும் நலமும் இல்லாமல் எந்தத் தாதுவும் நமக்கு வேண்டாம் என்பதே என் துணிபு. ஆயினும் எடுத்துவிட்ட தாதுவை எதற்குச் செலவிடுகிறோம் என்ற கேள்வி எஞ்சியிருக்கிறது. 1980-களில் நியோடைமியக் காந்தம் தோன்றியதிலிருந்து அத்தனிமத்தின் பெரும்பகுதி மோட்டார்களுக்கும் காற்றாலைகளுக்கும் போகிறது. பிரசியோடைமியமும் அக்காந்தங்களில் நியோடைமியத்தோடு சேர்கிறது. சீனா ஏற்றுமதியைச் சுருக்கிய 2010, 2011 ஆண்டுகளில் விலை பன்மடங்கு ஏறி, வர்ணப்பொடி செய்வோர் திகைத்தார்கள். காந்தத் தொழிலோடு போட்டியிடக் குயவனால் இயலாது என்பது மெய். ஆனால் அவனுக்கு வேண்டியது சொற்பம். ஒரு கிலோ மஞ்சள்பொடியில் அடங்கும் பிரசியோடைமியம் ஆக்ஸைடு சுமார் 50 கிராம்தான், அதனைக் கொண்டு பத்துப் பதினைந்து கிலோ மெருகுக்கு நிறமேற்றலாம்.

வர்ண ஆராய்ச்சி முடிந்துபோன விஷயமென்றும் எண்ண வேண்டியதில்லை. சென்னையில் பிறந்து சென்னை ஐ.ஐ.டி.யில் டாக்டர் பட்டம் பெற்ற மாஸ் சுப்பிரமணியன், அமெரிக்காவின் ஓரிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் மின்னணுக் கருவிகளுக்கான புதுப்பொருள்களைத் தேடிக்கொண்டிருந்தபோது, இட்ரியம், இண்டியம், மாங்கனீஸ் ஆகியவற்றின் ஆக்ஸைடுகளைச் சேர்த்துச் சுட்ட மாதிரியொன்று, 2009-இல், எவரும் எதிர்பாராத ஒளிமிக்க நீலமாக உலையிலிருந்து வெளிவந்தது. இட்டர்பிச் சுரங்கத்தின் முதல் தனிமமாகிய இட்ரியமே அதிலும் இருக்கிறது.

விருத்தாசலத்தில் பீங்கான் தொழில்நுட்பம் பயிலும் மாணவர்களுக்கும், புதுச்சேரி வட்டாரத்தில் கல்மண் கலங்கள் செய்யும் கலைஞர்களுக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் வழக்கமான ஒளிபுகும் மெருகில் நூறு கிராம் எடுத்து, பிரசியோடைமிய மஞ்சள்பொடியை ஐந்து, எட்டு, பத்து கிராம் என்று மூன்று அளவில் கலந்து சுட்டுப் பாருங்கள். நியோடைமியத்தையும் எர்பியத்தையும் கொண்டு அதே சோதனையைச் செய்யுங்கள். உலர்ந்த பொடியைக் கையாளும்போது முகமூடி அணிய மறவாதீர்கள். ஒவ்வொரு வில்லையையும் வெயிலிலும் டியூப்லைட்டிலும் பார்த்து, கண்டதை அதன் பின்புறத்தில் எழுதி வையுங்கள். எழுதியதைத் தமிழில் அச்சிட்டுப் பிற தொழிலாளர்களுக்கும் கிடைக்கச் செய்யுங்கள்.